மீக்குளிர் வளிக்கலவையில் ஈரொலி

ஒலி என்னும் சொல் செவியோடு பிணைந்தது. செவிக்கு எட்டாத அலையையும் அச்சொல்லால் வழங்கலாமோ என்னும் ஐயம் தமிழ் பயில்வார்க்கு எழக்கூடும். ஒலியின் இயல்பை நோக்கின் அவ்வையம் நீங்கும். பொருளில் நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறிப் பரவுதலே ஒலி. செவி அதனை அறியும் கருவியேயன்றி, அதற்குக் காரணம் அன்று.

போசு 1924-இல் வெளியிட்ட கருத்தை விரித்து, மிகு குளிரில் அணுக்கள் பல ஒரே நிலையில் ஒன்றித்து ஓரலைபோல் இயங்கும் என ஐன்ஸ்டீன் உரைத்தார். 1995-இல் அமெரிக்க நாட்டுப் போல்டர் நகரில் கார்னல், வைமன் என்போர் ரூபிடிய வளியில் அந்நிலையை எய்துவித்தனர். தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த வெப்பநிலை அது. 1997-இல் கெட்டர்லே குழுவினர் அத்தகைய சோடிய வளியின் நடுவே லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஆங்கெழுந்த அலை இருபுறமும் பரவுதலை அடுத்தடுத்துப் படமெடுத்தனர். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, ஈண்டு நொடிக்குச் சில மில்லிமீட்டரே செல்கின்றது.

இத்தகைய வளிகள் இரண்டு கலப்பின் அலையும் இரண்டாகும். ஒன்றில் இருவகை அணுக்களும் ஒருங்கே நெருங்கி ஒருங்கே நெகிழும். மற்றொன்றில் ஒருவகை நெருங்குமிடத்து மறுவகை விலகும். ஆகவே மொத்த அடர்வு மாறாது, அவற்றின் பங்கே மாறும். இரு கூறுகளும் எல்லா வகையிலும் ஒத்தனவாயின், முன்னதன் வேகம் தன்னினத்து விலக்கு, பிறவினத்து விலக்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகையையும், பின்னதன் வேகம் அவற்றின் வேறுபாட்டையும் பொறுத்தன. பிறவினத்து விலக்கு மிகுந்து தன்னினத்து விலக்கை எட்டுங்கால் பின்னதன் வேகம் சுழியாகும். அதனையும் கடப்பின், எண்ணெயும் நீரும்போல் இரண்டும் பிரிந்துவிடும். எனவே கலவை நிலைக்குமா என்பதை உணர்த்துவது மெல்லச் செல்லும் அலையே. 2020-இல் தென்கொரிய ஆய்வாளர் சோடியக் கலவையொன்றில் இவ்விரண்டையும் கண்டனர். அக்கலவையில் பின்னதன் வேகம் முன்னதன் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இவற்றிற்குத் தமிழில் யாது பெயரிடுவது? பின்னதை ‘எதிரொலி’ எனின், மலைமுகட்டில் மோதி மீளும் ஒலியாகும். ‘மாற்றொலி’ எனின், மொழிநூலார் ஒலியனின் வேறுபாட்டிற்கு வழங்கும் சொல்லாகும். ‘இரண்டாம் ஒலி’யோ, 1944-இல் பெஷ்கோவ் ஹீலிய நீர்மத்தில் கண்ட வெப்ப அலைக்குரிய பெயர். அலையில் மாறுவது எதுவோ அதனையே பெயராக்கி, முன்னதை ‘அடர்வொலி’ என்றும் பின்னதைப் ‘பங்கொலி’ என்றும் கூறின் மயக்கம் இராது. பொருளை உணர்ந்த பின்னரே சொல்லை ஆக்குதல் வேண்டும் என்பதற்கு இவ்வீரொலியே சான்று.