கைராசியல்ல, காயவைக்கும் பக்குவம்

சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்திருந்த மாணவி ஒருத்தி, வெடிப்பு விழுந்த களிமண் பானையோடு என்னிடம் வந்தாள். "எனக்குக் கைராசி இல்ல டீச்சர். வேற பாடம் எடுக்கட்டா?" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பானையை எங்கே காயவைத்தீர்கள் மகள்?" என்று கேட்டேன். ஜன்னலோரத்தில், கச்சான் காற்றுக்கு நேரே வைத்திருக்கிறாள்.

கல்முனைப் பக்கத்துப் பெண்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கழுவிப்போட்ட சீலையை நொடியில் உலர்த்திவிடும். பானையிலும் அப்படித்தான். மெல்லிய விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும். தடித்த அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில்தான் வெடிப்பு உண்டாகிறது. இதில் கைராசிக்கு என்ன வேலை?

சகோதரிகளே, பானை செய்யச் சக்கரம் வேண்டும் என்பதில்லை. இந்தியாவின் மணிப்பூரைச் சேர்ந்த நீலமணி தேவி, சக்கரமின்றிக் கையாலேயே மட்பாண்டம் வனைந்து புகழ்பெற்றவர். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆரம்ப மாணவிகள் செய்ய வேண்டியது இதுதான். கல், வேர் நீக்கிய களிமண்ணை ரொட்டி மாவைப் போல நன்றாகக் குழையுங்கள். தட்டையான அடித்தட்டொன்று செய்யுங்கள். விரல் தடிப்பில் திரிகள் உருட்டி, அதன் மேல் வட்டம் வட்டமாக அடுக்குங்கள். பொருந்தும் இரு இடங்களையும் ஈர்க்கினால் கீறி, தயிர்ப் பதத்தில் கரைத்த களிமண்ணைப் பூசி அழுத்துங்கள். உள்ளும் புறமும் விரலால் இழுத்துத் திரிகளை ஒன்றாக்குங்கள். வெறும் தண்ணீரைத் தடவி ஒட்டினால், காயும்போது கழன்றுவிடும். சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கட்டும்.

பிறகு பொலித்தீனால் தளர்வாக மூடி, நிழலில் வையுங்கள். சில நாட்கள் கழித்து மூடியை எடுத்து முழுமையாக உலரவிடுங்கள். சூளைக்கு முன் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. அந்த ஈரம் 100 பாகை செல்சியஸில் நீராவியாகி, வெளியேற வழியின்றிப் பானையையே உடைத்துவிடும்.

சுடாத களிமண் வீணாவதில்லை. அந்த மாணவி வெடித்த பானையை உலர்த்தி நொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் குழைத்தாள். அதே மண்ணில் இரண்டாவது பானை வெடிப்பில்லாமல் வந்தது. பாடத்தையும் அவள் மாற்றவில்லை.

தாய்மாரே, பிள்ளை சேறு படிந்த கையோடு வந்தால் ஏசாதீர்கள். முதல் பானை வெடித்தால், "எங்கே காயவைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.