பட்டியலுக்கு வெளியே நிற்பவை

பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்றுங்கள் என்று மனுப் போட்டால், மத்திய தொல்லியல் சட்டம் முதலில் பார்ப்பது வயதை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சிவகாசியில் போட்டுப் பார்த்தால் வேடிக்கைதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922-ல். திரும்பி வந்து ஊரில் தொழில் தொடங்கியது அதன் பிறகு. ஆகவே, சிவகாசியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன தொழிலின் மிகப் பழைய சுவர்கூட இப்போதுதான் நூறைத் தொட்டிருக்கிறது. பட்டாசு அதற்குப் பின்னால் வந்தது. தீப்பெட்டி லேபிள் அடிக்கத் தொடங்கிக் காலண்டர், டைரி என்று வளர்ந்த அச்சகங்களும் அப்படியே. சட்டத்தின் கண்ணுக்கு இவை எல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள்.

நகரை ஒட்டியுள்ள விஸ்வநத்தம் பெயருக்குத்தான் ஊராட்சி. பட்டாசு ஆலையும் அச்சகமும் குடியிருப்புமாக எப்போதோ சிவகாசியோடு கலந்துவிட்டது. 2021-ல் திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. ஊர் பெருகும்போது நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஓட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர் வீட்டைப் பார்ப்பதில்லை, எத்தனை சென்ட் என்று கேட்கிறார்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதல்ல பேச்சு. பட்டாசு மருந்து கலக்கும் அறையைப் பாரம்பரியம் என்று கட்டிக்காக்கச் சொல்ல, விபத்துகளைக் கண்ட இந்தப் பகுதியில் எவருக்கும் மனம் வராது. அந்த அறைகள் பாதுகாப்பு விதிப்படி மாறிக்கொண்டே இருப்பதுதான் நியாயம். ஆனால் பழைய தீப்பெட்டிக் கிட்டங்கி, கல் அச்சு ஓடிய கூடம், உறவின்முறை எனும் சமூகச் சங்கத்தின் மண்டபம், அது திரட்டும் மகமைப் பணத்தில் எழுந்த பள்ளி ஆகியவற்றின் கதை வேறு. விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வளர்த்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. அதே காலத்தில், அதே மாதிரி காரையும் ஓடுமாகக் கட்டிய மற்ற வீடுகளில் முதலமைச்சர் எவரும் பிறக்கவில்லை என்பதால் அவற்றைக் கேட்க ஆளில்லை.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் பெயர் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அண்ணா சாலையில் சாட்சி நிற்கிறது. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக 1897-ல் எழுந்தது கார்டைல் கட்டடம். இந்தோ சாரசனிக் பாணியில் கூம்பும் குவிமாடமுமாக வரைந்தவர் ஜே. எச். ஸ்டீபன். 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனம் வாங்கியதால் அந்தப் பெயரே நிலைத்தது. காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபோது கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. அதே சாலையில் 1959-ல் பதினான்கு மாடி எழுப்பி ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்த எல்.ஐ.சி.தான், 2006-ல் இந்தப் பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது.

இங்கேதான் ஒரு விசித்திரம். அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. எந்தெந்தக் கட்டடங்களின் முன்னால் பலகை வைக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு தொகுத்தது 467 இடங்களின் பட்டியல். சோப்பு விளம்பரமும் சினிமா விளம்பரமும் மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதிய அந்தப் பட்டியல்தான், சென்னையின் பழைய கட்டடங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கவசம். 2010 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்தப் பட்டியலில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தடை விதித்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு உருவானதும் அந்த ஆண்டுதான்.

தடை வந்தது, கூரை திரும்ப வரவில்லை. பல ஆண்டுகள் அந்தக் கட்டடத்தின் சுவரில் ஆலும் அரசும் முளைத்ததுதான் மிச்சம். ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் 1915-ல் கட்டிய கோகலே மண்டபத்துக்கும் அதே கதி. ஹோம் ரூல் இயக்கக் காலத்துக் கூட்டங்கள் நடந்த மண்டபம் அது. இடிப்பு பாதி நடந்த பிறகே நீதிமன்றத் தடை வந்தது. இடிக்கக் கூடாது என்று சொல்ல ஓர் உத்தரவு போதும். பழுது பார்க்கப் பணம் வேண்டும், உரிமையாளருக்கு மனம் வேண்டும், சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் வேண்டும்.

ஆனாலும் அவை நிற்கின்றன. மதுரை தங்கம் தியேட்டருக்கு அந்த அளவு கொடுப்பினைகூட இல்லை. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த அரங்கு, இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கைகளுக்கு மேல். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தியேட்டர் மூடிக் கிடந்தது, பிறகு இடிபட்டது, அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்தது. நூறு வயது ஆகாத கட்டடம், சி.எம்.டி.ஏ. எல்லைக்கு வெளியே உள்ள ஊர். எந்த அலுவலகத்துக்கு மனு எழுதுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தக் குறையைப் போக்க மாநிலம் முழுமைக்குமாகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தப் பத்தாண்டில் மாவட்டத் தலைநகரங்களில் எத்தனை முற்றத்து வீடுகள் காம்ப்ளக்ஸ் ஆகின என்பதற்குக் கணக்கு இல்லை. பட்டியல் இருந்தால்தானே கணக்கு இருக்கும்.

பக்கத்திலுள்ள செட்டிநாட்டில் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. நகரத்தார் ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் வீடுகள் குறைகின்றன. முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில். ஓடு மாற்ற யார் கொடுப்பது என்று முடிவாவதற்குள் மழை இறங்கிவிடும். கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே யோசனை, விற்றுப் பங்கு பிரிப்பது. பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. வீட்டைவிட அதன் உறுப்புகளுக்கு விலை அதிகம் என்ற நிலை வந்தபின், எந்தப் பட்டியல் எவ்வளவு நாள் தாங்கும்?

பட்டியலில் ஏறுவதற்கு முந்தைய இடைவெளிதான் மிக ஆபத்தானது என்பதை இங்கிலாந்து சூடுபட்டுத் தெரிந்துகொண்டது. லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டில் 1928-ல் கட்டிய ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையைப் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1980 ஆகஸ்டில் ஒரு நீண்ட வார விடுமுறை வந்தது. அலுவலகங்கள் பூட்டியிருந்த அந்த நாள்களில் உரிமையாளர் ஆலையின் முகப்பை இடித்துவிட்டார். ஊர் கொதித்தது. அரசு, இரண்டு உலகப் போர்களுக்கு இடையே எழுந்த தொழிற்சாலைகளையும் அவசரமாகப் பட்டியலில் சேர்த்தது. 

அந்த நாட்டில் இரண்டு கருவிகள் பயன்படுகின்றன. பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால் உள்ளாட்சி மன்றமே ஓர் அறிவிப்பு ஒட்டி ஆறு மாதத்துக்கு இடிப்பை நிறுத்திவைக்கலாம். அதற்குள் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று உள்ளூர்ப் பட்டியல். நாட்டுப் பட்டியலுக்கு ஏறாத, ஆனால் ஊருக்கு வேண்டிய கட்டடங்களை மன்றமே குறித்து வைக்கிறது. அதற்குச் சட்டபலம் குறைவு. ஆனாலும் கட்ட அனுமதி கேட்டு வரைபடம் வரும்போது அதிகாரியின் மேசையில் அந்தக் காகிதம் இருக்கும். மும்பை 1995-லேயே பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்து, கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறு இடத்தில் கட்டும் உரிமையாக விற்க உரிமையாளருக்கு வழி செய்தது. நிலம் பொன்னாக விற்கும் நகரத்துக்கு அது பொருந்தும்; சிவகாசியில் அந்த உரிமையை வாங்க ஆள் கிடைப்பது சந்தேகம்.

இந்தப் பகுதிக்கு வேறு ஓர் அனுகூலம் உண்டு. இங்கே பழைய பள்ளியும் மண்டபமும் சாவடியும் பெரும்பாலும் தனிக் குடும்பத்துச் சொத்து அல்ல. உறவின்முறைக்கும் அறக்கட்டளைக்கும் சொந்தம். செட்டிநாட்டில் சிதறிய பங்காளிகளை ஓரிடத்தில் கூட்டுவதே பெரும்பாடு. இங்கே மகமைக் கணக்குப் பார்க்க ஆண்டுதோறும் கூட்டம் கூடத்தான் செய்கிறது. எந்தக் கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது, யார் கொடுத்த பணம் என்பதும் அந்தக் கணக்கு நோட்டுகளிலேயே இருக்கும். புதிய மாநகராட்சிக்கும் விஸ்வநத்தம் போன்ற ஊராட்சிகளுக்கும் உள்ளூர்ப் பட்டியல் ஒன்று எழுத வேண்டுமானால், முதலில் புரட்ட வேண்டியவை அந்த நோட்டுகள்தான்.