மழை நின்ற பிறகு

புனேக்கும் மகாபலேசுவரத்துக்கும் சாலைவழி 120 கிலோமீட்டர்தான். புனேயில் ஆண்டு மழை 700 மி.மீட்டரைச் சற்றுத் தாண்டும். சகியாத்ரி முகட்டிலுள்ள மகாபலேசுவரத்திலோ 5,000-க்கு மேல். அரபிக்கடல் மேகங்கள் மலையேறும்போதே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. அதனால் முகட்டில் பசுமைமாறாக் காடு. கிழக்கே வறண்ட குன்றுகளில், கோடையில் இலையுதிர்த்து நிற்கும் தேக்கும் வெக்காலியும்.

இதில் புதிர் ஏதுமில்லை. தெற்கே பார்த்தால்தான் புதிர். களக்காடு முண்டந்துறைக் காடுகளில் மகாபலேசுவரத்தைவிட மழை குறைவு. ஆனாலும் அங்கே ஓங்கி வளரும் வெடிப்பலா, சிங்கவால் குரங்குக்கு உணவு தரும் அந்த மரம், மகாராட்டிரக் காடுகளில் இயல்பாக வளர்வதே இல்லை.

மழையின் அளவைவிட, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. தெற்கே வடகிழக்குப் பருவமழையும் கோடை மழையும் இடைவெளியை அடைத்துவிடுவதால் வறட்சி இரண்டு மூன்று மாதம்தான். மகாபலேசுவரத்தில் பெரும்பகுதி மழை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். பிறகு ஏழு மாதம் போல வறட்சி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவரவியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வரைபடமாக்கியபோது இதையே கண்டார்கள்: வடக்கே போகப்போக வறண்ட மாதங்கள் கூடுகின்றன, மர இனங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன.

முதிர்ந்த மரம் தாக்குப்பிடித்துவிடும், தோற்பது நாற்றுதான். மழை நிற்கும்போது அதன் வேர் ஆழமாக இறங்கியிருக்காது. இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்க, மண்ணில் ஈரம் வற்ற வற்ற, தண்டின் நுண்குழாய்களில் நீர்த்தாரை மேலும் மேலும் இழுபடுகிறது. ஒரு கட்டத்தில் காற்றுக்குமிழி புகுந்து தாரை அறுகிறது. அந்தக் குழாயில் அதன்பின் நீர் ஏறாது. பல குழாய்கள் இப்படிப் போனால் நாற்று கருகிவிடும். தேக்கு இலையைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கிறது. மராத்தியர் அஞ்சனி என்கிற காயா மரமோ இலையுதிர்ப்பதில்லை. தோல்போல் தடித்த இலைகளால் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. மண் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் அதன் கிளைகளை நீலப் பூக்கள் மொய்க்கின்றன. மகாபலேசுவரக் காட்டில் அதிகம் நிற்பதும் அதுதான்.

நாற்றைக் கொல்லும் இதே வேலையை நீலகிரி உச்சியில் உறைபனி செய்கிறது. திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகள் பனிக்கு இரையாகின்றன.

எல்லாவற்றையும் வானிலையின் தலையில் போட்டுவிடவும் முடியாது. புனேயைச் சுற்றிய பல குன்றுகளை மொட்டையாக்கியவை கோடாரியும் தீயும் மேய்ச்சலும். அங்கே எந்த மரம் இயல்பாக வளரும் என்பதைத் தேவ்ராய்கள், அதாவது நம்மூர்க் கோயில்காடுகள் போன்றவை, இன்னும் காட்டுகின்றன. 1970களில் மாதவ் காட்கிலும் வி.டி.வர்தக்கும் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். குன்றுகளில் மரம் நடக் கிளம்புகிறவர்கள், நாற்றங்காலுக்கு முன் பக்கத்துத் தேவ்ராய்க்கு ஒருமுறை போய்வந்தால் நல்லது.