மெல்போர்னில் தொலைந்த இரண்டு விநாடி

ஃபார்முலா 1 பந்தயத்தில் செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு வந்தாலே, கம்ப்யூட்டர் ஏதோ ஜோசியர் மாதிரி உட்கார்ந்து "இப்போ டயர் மாத்து"ன்னு குறி சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்ன ஒரு பந்தயத்தால்தான்.

2018 மார்ச், மெல்போர்ன். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் 19ஆவது சுற்றில் டயர் மாற்றிவிட்டார். ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். அவரும் ஒரு தடவை பிட்டுக்குள் போயே ஆகணும். போனால் ஹாமில்டனுக்குப் பின்னால்தான் வெளியே வருவார். அந்த நேரம் பார்த்து ஒரு ஹாஸ் கார், சக்கரம் சரியாக மாட்டப்படாமல், பாதையில் நின்றுவிட்டது. உடனே 'வர்ச்சுவல் சேஃப்டி கார்' அறிவிப்பு. எல்லோரும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மற்றவர்கள் மெதுவாகப் போகும்போது பிட்டுக்குள் போனால் இழக்கிற நேரம் கம்மி, இல்லையா? வெட்டல் உள்ளே போனார், ஹாமில்டனுக்கு முன்னால் வெளியே வந்தார், ஜெயித்தார்.

மெர்சிடிஸ் இதை யோசிக்காமல் இல்லை. இப்படி நடந்தால் வெட்டல் தப்பிக்க சுமார் 15 விநாடி முன்னிலை வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இடைவெளி அதைவிடக் குறைவு, அதனால் பயமில்லை என்றிருந்தார்கள். உண்மையான எண் 13 விநாடிக்கும் சற்றுக் கீழே. அணியே பிற்பாடு விளக்கியது: பந்தய வியூக மென்பொருளில் கோளாறு இல்லை, சுற்று நேரங்களைத் தனியாகக் கணக்கிட்டுத் தரும் வேறொரு கருவியில் 'பக்'. நம்ம தொழிலில் இருக்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும் செய்தி இது. பெரிய மென்பொருளை ஆயிரம் தடவை சோதிப்போம். அதற்குத் தீனி போடும் குட்டி ஸ்கிரிப்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எழுதிய அப்படி ஒன்று ஒரு பழைய அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, அந்த வியூக மென்பொருள் என்னதான் செய்கிறது? அடிப்படையில் தாயம் உருட்டுவதுதான். மாண்டி கார்லோ முறை என்பார்கள். மிச்சமிருக்கும் சுற்றுகளை ஆயிரக்கணக்கான தடவை கற்பனையில் ஓட்டிப் பார்க்கும். ஒரு தடவை சேஃப்டி கார் வரும், இன்னொரு தடவை வராது. ஒரு தடவை டயர் சீக்கிரம் தேயும். கடைசியில் எந்த முடிவுக்கு எத்தனை தடவை எந்த இடம் கிடைத்தது என்று எண்ணிச் சொல்லும். இங்கே எதிரணி என்ன செய்யும் என்பதுதான் கஷ்டமான பகுதி. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அதற்கு நியூரல் நெட்வொர்க்குகளைப் பழக்கினார்கள். ஒன்று இந்தச் சுற்றில் பிட்டுக்குள் போகலாமா என்று சொல்லும், அடுத்தது எந்த டயர் என்று. பாடம், 2014 முதல் 2019 வரை நடந்த நிஜப் பந்தயங்கள். சுமார் 120தான்! இந்தக் காலத்து ஏஐக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவிர, அணிகள் எடுத்த முடிவுகள்தான் வாத்தியார் என்றால், வாத்தியாரின் தப்பும் சேர்ந்துதான் வரும்.

கார் வடிவமைப்பில் தேவை வேறு. காற்றுச் சுரங்கத்தில் எத்தனை தடவை ஓட்டலாம், கம்ப்யூட்டரில் எத்தனை காற்றோட்டக் கணக்குப் போடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2022 முதல் சாம்பியன் அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம்தான், பத்தாமிடத்துக்கு 115. அதனால் பழைய கணக்குகளைப் படித்த ஒரு மாடல், புது வடிவத்தின் அழுத்தத்தை நொடியில் ஊகித்துச் சொன்னால் பெரிய லாபம். தேறியதை மட்டும் முழுக்கணக்குக்கு அனுப்பலாம். ஆனால் படித்த எல்லைக்கு வெளியே போனால் மாடல் தைரியமாக உளறும்.

மாடலை விடுங்கள், சுரங்கமே எல்லாவற்றையும் காட்டாது. அதிகபட்சம் 60 சதவீத அளவுப் பொம்மைக் கார், விநாடிக்கு 50 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிஜக் கார் 300ஐத் தாண்டும். 2022இல் புது விதிகளின்படி அடித்தளமே காரைத் தரையோடு உறிஞ்சும் வடிவம் வந்தது. மெர்சிடிஸின் டபிள்யூ13 நேர்பாதையில் வேகமெடுத்ததும் தவளை மாதிரி குதித்தது. தரையை நெருங்கும், காற்று அடைபடும், பிடி விடும், எழும்பும், மறுபடி உறிஞ்சப்படும். பல அணிகளுக்கு இந்தக் குதிப்பு தெரிந்ததே பார்சிலோனா சோதனை ஓட்டத்தில்தான். எட்டு வருடம் தொடர்ந்து அணிப் பட்டம் வென்ற மெர்சிடிஸ் அந்த ஆண்டு ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம், நவம்பரில், பிரேசிலில்.