நட்சத்திர நோட்டு கிடைத்தால் வைத்துக்கொள்வதா, செலவழிப்பதா?

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டால் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா தவணைக்கு நீட்டிய நோட்டு அது. எண் வரிசைக்கு நடுவே ஒரு நட்சத்திரக் குறி. "இது கள்ள நோட்டு, வாங்காதீங்க" என்றார் ஒருவர். "ஐயோ, இதுக்கு லட்ச ரூபா தர்றாங்களாம், பத்திரமா வைங்க" என்றார் இன்னொருவர். அக்காவிடமோ அன்றைக்குக் கட்ட வேறு பணம் கிடையாது.

இரண்டு பேர் சொன்னதுமே சரியில்லை தோழிகளே! அச்சகத்தில் நூறு நூறு நோட்டாகக் கட்டுக் கட்டுகிறார்கள். அதில் ஒன்று சரியாக அச்சாகாமல் போனால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற மாற்று நோட்டுதான் இது. முன்னால் வரும் எழுத்துக்கும் பின்னால் வரும் எண்ணுக்கும் இடையில் நட்சத்திரம் இருக்கும். 2006-ல் பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் இந்த முறை வந்தது. புதிய ஐநூறில் 2016 டிசம்பரில் வந்தது. கள்ள நோட்டு என்று வதந்தி கிளம்பியபோது, 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே இது செல்லுபடியாகும் நோட்டு என்று விளக்கம் கொடுத்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், நோட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஐநூறில் அந்தப் பச்சை இழை நீலமாக மாற வேண்டும். அக்காவின் நோட்டு மாறியது, தவணையும் கட்டியாயிற்று.

சரி, எடுத்து வைத்தால் லாபமா? பழைய நோட்டு சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது நோட்டின் நிலைமையைத்தான். மடிப்பு, கறை, பேனாக் கிறுக்கல் எதுவும் இல்லாமல் மொடமொடவென்று இருக்க வேண்டும். நம் கைக்கு வருவதோ பூக்காரம்மா சுருக்குப் பையிலும் பஸ் கண்டக்டர் விரலிடுக்கிலும் இருந்துவிட்டு வரும் நோட்டு. நாமும் அதை அஞ்சறைப் பெட்டியில்தானே வைப்போம்? மஞ்சள் கறை பட்ட நோட்டை எந்தச் சேகரிப்பாளர் கேட்பார்! துவைத்து இஸ்திரி போட்டாலும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நட்சத்திரம் போட்ட நோட்டுகள் ஏராளமாகப் புழங்குவதால், கசங்கிய நோட்டுக்கு அதில் அச்சடித்த தொகைதான் மதிப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய நோட்டாக எடுத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2016 நவம்பரில் பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த இரவில், அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் இருந்த சிறுவாட்டுப் பணம் எல்லாம் வெளியே வந்து, எத்தனை வீட்டில் பெண்கள் கணவர் முன்னால் கூனிக் குறுகி நின்றார்கள்! சும்மா கிடக்கிற ஐநூறு வட்டியும் தராது, விலைவாசி ஏற ஏறத் தேய்ந்துகொண்டுதான் போகும்.

இதைவிடப் பயம் அந்த லட்ச ரூபாய் விளம்பரம்தான். எங்கள் தெருவில் ஒரு பெண், 786 எண் நோட்டு ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். உடனே போன். "உங்க நோட்டுக்கு மூணு லட்சம். பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல அனுப்புங்க" என்றான். அதைக் கட்டியதும் வரி கட்டணும் என்றான். காதுத் தோட்டை அடகு வைக்கப் போனவளை மாமியார்தான் தடுத்தார். விற்கிறவளிடமே பணம் கேட்கிற வியாபாரம் உண்டா? ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் கமிஷன், வரி என்று கேட்கிறார்கள். தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது.

ஆசைக்கு ஒன்று வேண்டுமானால், வங்கியில் புதுக் கட்டாக வாங்கும்போது கிடைக்கிற பத்து ரூபாய் நட்சத்திர நோட்டை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைக்கலாம். என் மகள் அப்படித்தான் ஒன்றைத் தன் அட்லஸுக்குள் வைத்திருக்கிறாள். எனக்கு வந்த ஐநூறு மட்டும் மறுநாளே அரிசிக் கடைக்குப் போய்விட்டது.

- ஒரு வாசகி, தேனி