மேற்படிப்புக்கு முன் இரண்டு மாத ஆய்வகப் பயிற்சி

பொறியியல் படிப்பின் மூன்றாம் ஆண்டு நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. வளாக நேர்காணலில் கிடைக்கும் வேலையில் மகனோ மகளோ சேர்ந்துவிடுவதா, எம்.டெக்., பிஎச்.டி. என மேலும் படிப்பதா? பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே இதற்கு விடை தேடுகிறோம். பாடங்களை ஒருவர் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார் என்பதை மதிப்பெண் சொல்லும். விடை இன்னும் எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியுடன் மாதக்கணக்கில் போராடும் விருப்பம் அவருக்கு உண்டா என்பதை எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வில் ஒருவரைக் கடைசிவரை கொண்டு செல்வது அந்த விருப்பம்தான்.

இதை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கோடை விடுமுறையில் ஆறு முதல் எட்டு வாரங்கள், அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஓர் ஆய்வகத்தில் பணியாற்றுவதே அது. இத்தகைய வாய்ப்புகள் எங்கே உள்ளன, எப்போது விண்ணப்பிக்க வேண்டும், பணம் தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றைத் திருவனந்தபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம்.

முடிவின் விலை

எம்.டெக். படிப்புக்கு இரண்டு ஆண்டுகளும், முனைவர் பட்டத்துக்கு அதற்குப் பின் நான்கைந்து ஆண்டுகளும் ஆகும். இந்தியாவில் ஆய்வுப் படிப்பைக் கடன் வாங்கித்தான் முடிக்க வேண்டும் என்பதில்லை. கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு; 24 மாதங்களுக்கு இது 2,97,600 ரூபாய் ஆகும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை நிலைக்கு உயர்வோருக்கு அது 42,000 ரூபாய். பிரதமரின் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இத்தொகை 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 ரூபாய் வரை செல்கிறது.

வெளிநாட்டு முதுநிலைப் படிப்பின் கணக்கு வேறு. பெரும்பாலோர் கல்விக் கடனையே நம்பிச் செல்கின்றனர். எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாய்க் கடன் தொடக்கத்திலேயே முழுமையாகப் பெறப்பட்டு, ஆண்டுக்கு 10 சதவீத எளிய வட்டி எனக் கொள்வோம். இரண்டு ஆண்டுப் படிப்பும் அதன் பின்னர் ஓர் ஆண்டுச் சலுகைக் காலமும் முடியும்போது வட்டி மட்டும் 6 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும். வீடு வாங்க நினைப்பவர் மழைக்காலத்தில் ஒருமுறை அவ்வீட்டைப் போய்ப் பார்ப்பது நல்லது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆய்வு வாழ்க்கையையும் அவ்வாறே முன்னதாகப் பார்த்துவிடுவது நல்லது.

இப்பழக்கம் வளர்ந்த விதம்

இளநிலை மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1969-இல் மார்கரெட் மெக்விகர் ஒரு நிலையான திட்டத்தை அமைத்தார். கலிஃபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கோடைக்கால ஆய்வுத் திட்டம் 1979-இல் தொடங்கியது.

இந்தியாவில் இதற்கெனப் பரவலாக அறியப்பட்ட திட்டத்தை மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்துகின்றன. சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், புது தில்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகியவையே அவை. இத்திட்டத்தில் பொறியியலும் ஒரு துறை. தேர்வாகும் மாணவர் நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதங்கள் உதவித்தொகையுடன் பணியாற்றலாம். சென்னை ஐ.ஐ.டி., காந்திநகர் ஐ.ஐ.டி., பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் போன்றவை தனித்தனியே கோடைக்காலத் திட்டங்களை நடத்துகின்றன.

ஒரே நகரில் இத்தனை ஆய்வகங்கள்

தொலைதூர நகரங்களுக்குச் செல்ல இயலாத மாணவர்களுக்குத் திருவனந்தபுரம் ஒரு நல்வாய்ப்பு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரம், தமிழ்நாட்டின் தென்மாவட்ட மாணவர்களுக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

1963 நவம்பர் 21 அன்று தும்பா கடற்கரையிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அங்கிருந்த புனித மரிய மகதலேனாள் தேவாலயமே தொடக்கக் கால அலுவலகமாக இருந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்ற ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இன்று ஏவுகலங்களை வடிவமைக்கிறது. நெடுமங்காட்டுக்கு அருகிலுள்ள வலியமலையில் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் இயங்குகிறது. இஸ்ரோ மையங்களின் பயிற்சித் திட்டத்துக்குக் குறைந்தது 60 சதவீத மதிப்பெண் அல்லது பத்துக்கு 6.32 தரப்புள்ளி வேண்டும். பயிற்சிக் காலம் 45 நாட்களுக்கு மிகாது.

வலியமலையிலேயே 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. இந்நிறுவன மாணவர்களும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய இன்ஸ்பயர்சாட்-1 என்னும் சிறு செயற்கைக்கோள் 2022 பிப்ரவரி 14 அன்று பி.எஸ்.எல்.வி. சி-52 மூலம் விண்ணில் செலுத்தப்பட்டது.

விண்வெளியோடு இந்நகரத்தின் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. பாப்பனம்கோட்டில் 1975-இல் உருவான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம், இன்று தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில், வேதிப் பொறியியல், பொருளறிவியல், சுற்றுச்சூழல் முதலிய துறைகளில் ஆராய்கிறது. வேகா நுண்செயலிகளை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் மையமும் இங்கே உண்டு. விதுராவில் 2008 முதல் இயங்கும் ஐசர் நிறுவனம், அடிப்படை அறிவியலில் நாட்டமுள்ளோருக்கு ஏற்றது. மருத்துவக் கருவிகளில் ஆர்வமுள்ள இயந்திரவியல், மின்னணுவியல் மாணவர்களுக்குப் பூஜப்புரையில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது.

தோல்வியோடு பழகும் தொழில்

ஆய்வு என்பது எத்தகைய வேலை என்பதை அந்தப் பிரிவில் உருவான சித்ரா இதய வால்வின் வரலாறு தெளிவாகக் காட்டும். முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுபட்ட ஏழை நோயாளிகளால் இறக்குமதி வால்வுகளை வாங்க முடியவில்லை. நிறுவனத்தின் தலைவரும் இதய அறுவை மருத்துவருமான எம்.எஸ். வலியத்தான் உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்க முனைந்தார். மனித இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. வால்வின் தட்டு அத்தனை முறையும் தேயாமலும் உடையாமலும் திறந்து மூட வேண்டும். முதல் மூன்று வடிவங்கள் சோதனைகளில் குறைபாடு காட்டிக் கைவிடப்பட்டன. நான்காம் வடிவமே வெற்றி கண்டு, 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

பல ஆண்டு உழைப்பின் சிறு பகுதியையே இரண்டு மாத மாணவர் காண்பார். ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்குவது, உலோகத் துண்டுகளைத் தேய்த்து மெருகூட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது, கணினி நிரலின் பிழையைத் தேடுவது, ஒரே அளவீட்டை இருபது முறை எடுப்பது போன்ற பணிகளே முதலில் கிடைக்கும். கருவி பழுதாகி ஒரு வாரம் வீணாகலாம். எதிர்பார்த்த முடிவு வராமலே பயிற்சி முடியலாம். இவற்றுக்குப் பின்னும் மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆவல் இருந்தால், அம்மாணவருக்கு மேற்படிப்பு ஏற்றதென்று கொள்ளலாம். இரண்டாம் வாரத்திலேயே சலிப்பு வந்துவிட்டால் அதுவும் பயனுள்ள செய்தியே. பெருங்கடன் வாங்கியபின் அதை அறிவதைவிட இப்போதே அறிவது மேல்.

அக்டோபரில் தொடங்கும் கோடை

பயிற்சி மே மாதத்தில் தொடங்கினாலும் அதற்கான ஏற்பாடு முந்தைய ஆண்டின் அக்டோபர் அளவில் தொடங்க வேண்டும். மூன்று கழகங்களின் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறது. ஐ.ஐ.டி.களின் அறிவிப்புகள் பொதுவாகப் புத்தாண்டுக்குப் பின்னரே வெளியாகும். பிப்ரவரியில் தேடத் தொடங்குபவர் முதல் வாய்ப்பை இழந்திருப்பார்.

விண்ணப்பத்தில் மதிப்பெண்களோடு இரண்டு பகுதிகள் முக்கியமானவை. ஒன்று, எந்தக் கேள்வியில் பணியாற்ற விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பு. செயற்கை நுண்ணறிவில் ஆர்வம் உண்டு என்று பொதுவாக எழுதுவதைவிட, தான் செய்த ஒரு திட்டப்பணியையும் அதில் விடை கிடைக்காத இடத்தையும் எழுதுவது பயன் தரும். மற்றொன்று ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். மாணவரை நேரில் அறிந்த ஆசிரியரால்தான் நல்ல கடிதம் எழுத முடியும். ஆகவே இரண்டாம் ஆண்டிலிருந்தே ஓரிரு ஆசிரியர்களின் ஆய்வகப் பணிகளில் உதவி செய்து பழகுவது நல்லது.

அறிவிப்பு இல்லாத ஆய்வகங்களில் பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்கும் வழக்கமும் உண்டு. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதில் பயனில்லை. அவருடைய அண்மை ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதைப் பற்றி இரண்டு வரியாவது எழுதும் கடிதம் படிக்கப்படும். பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகள் ஜூன் வரை நீளக்கூடும் என்பதால், தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டே தேதிகளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கோடைகள்

ஜெர்மனியின் டாட் அமைப்பு இந்தியப் பொறியியல் மாணவர்களுக்கென ‘வைஸ்’ என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை முதலில் பெற வேண்டும். தகுதியுள்ள கல்லூரிகளின் பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டம் 12 வாரங்களுக்கானது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நிதியளித்து வரும் புகழ்பெற்ற கோடைத் திட்டங்கள் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றோருக்கும் உரியவை. இதை அறியாமல் அவற்றுக்கு விண்ணப்பித்து நம் மாணவர்கள் நேரத்தை இழக்க வேண்டாம்.

பணம் தொடர்பான கவனம்

உதவித்தொகை கிடைத்தாலும் அது பயிற்சி தொடங்கிய பின்னரே கணக்கில் வரும். விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றுக்கு முதல் மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாணவரின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருப்பதும், அதிலுள்ள பெயர் ஆதாரிலும் கல்லூரிச் சான்றிலும் உள்ளவாறே அமைவதும் தாமதத்தைத் தவிர்க்கும். எல்லா நிறுவனங்களும் உதவித்தொகை அளிப்பதில்லை. சில அரசு ஆய்வகங்கள் ஆய்வகப் பயன்பாட்டுக் கட்டணம் பெறுவதும் உண்டு. அது அவற்றின் இணையதளத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, நிறுவனக் கணக்கிலேயே செலுத்தப்படும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தனிநபர் கணக்குக்கோ கைபேசி எண்ணுக்கோ உடனே பணம் அனுப்பச் சொன்னால் ஏமாற்று வேலை என்றே ஐயுற வேண்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

மேற்படிப்பு என்று முடிவானபின் கல்விக் கடனைப் பற்றிச் சிந்திக்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட உயர்தர இந்திய நிறுவனங்களில் இடம்பெறுவோர் பிணையமோ உத்தரவாதமோ இன்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சலுகைக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் வழங்கவும் இத்திட்டம் வகை செய்கிறது.

பயிற்சி முடிந்ததும்

பயிற்சியின் இறுதியில் மாணவர் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருக்கும். செய்தவற்றையும் செய்ய முடியாமற்போனவற்றையும் நேர்மையாக எழுதிய அறிக்கையே வழிகாட்டியின் நன்மதிப்பைப் பெறும். பின்னாளில் முதுநிலைச் சேர்க்கைக்கு அவர் தரும் பரிந்துரைக் கடிதம், சான்றிதழைவிட மதிப்பு மிக்கது.

பெற்றோர் கேட்க வேண்டியவையும் சில உண்டு. என்ன கற்றாய் என்பதோடு, எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எது பெருஞ்சுமையாக இருந்தது, ஆய்வகத்திலிருந்த முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவ்விடைகளைக் கேட்டபின் வேலையா மேற்படிப்பா என்று முடிவெடுப்பது எளிதாகும். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பதும், அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதும் நினைவிருக்கட்டும். முதலில் வேலைக்குச் சென்று, ஓராண்டு கழித்துப் படிக்க விரும்புவோருக்கும் வாய்ப்பு திறந்தே இருக்கிறது.