முயலகன் நோயும் முதல் 5 நிமிடமும்

திருச்சிக்கு அருகே, காவிரியின் வடகரையில் அமைந்துள்ள திருவாசி, தேவாரப் பாடல் பெற்ற திருத்தலம். திருப்பாச்சிலாச்சிராமம் என்பது அதன் பழம்பெயர். கொல்லி மழவன் என்னும் மன்னனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயை, இத்தலத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடித் தீர்த்தருளினார் என்று பெரியபுராணம் கூறும். ஆடல்வல்லானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகனை வடமொழியில் அபஸ்மாரன் என்பர். ஆயுர்வேதம் வலிப்பு நோயை அபஸ்மாரம் என்றே குறிக்கிறது. சரக சம்ஹிதை அதன் அறிகுறிகளையும் சிகிச்சையையும் விரிவாகச் சொல்கிறது.

பெரியபுராணமும் ஆயுர்வேதமும் நோய் என்றே கூறிய ஒன்றை, இன்றும் பலர் நோயாக எண்ணுவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுந்து கைகால் வெட்டி இழுத்தால், சாமி வந்துவிட்டது என்பார் ஒருவர். காற்றுக் கருப்பு என்பார் மற்றொருவர். இரும்புச் சாவியைத் தேடி ஓடுவார் இன்னொருவர். பொன்னான நிமிடங்கள் இதிலேயே கழிந்துவிடுகின்றன.

வலிப்பு ஏன் வருகிறது?

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் சமிக்ஞைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை திடீரென்று கட்டுப்பாடின்றி ஒருசேர இயங்கும்போது வலிப்பு உண்டாகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அந்நேரத்தில் கையில் சாவி இருந்ததால் பெருமை சாவிக்குப் போய்ச் சேர்ந்தது. இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

முதலில் கடிகாரத்தைப் பார்த்து, வலிப்புத் தொடங்கிய நேரத்தை மனத்தில் கொள்ள வேண்டும். விளக்கு, கற்படி, கூர்மையான பொருள்கள் ஆகியவற்றை அப்புறப்படுத்தி, தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். கூட்டத்தை விலக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்து மூச்சு தடைப்படாது.

கைகால்களை அழுத்திப் பிடித்தல் கூடாது. வாயில் கரண்டியோ விரலோ துணியோ நுழைத்தல் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், தீர்த்தம், மாத்திரை எதுவும் புகட்டலாகாது.

உடனே 108 எப்போது?

வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும், தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாழ்நாளில் முதன்முறையாக வந்தவர், தலையில் அடிபட்டவர், திருக்குளத்தில் நீராடும்போது வலிப்புக்கு ஆளானவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்குச் சில நொடிகளில் நின்றுவிட்டாலும் மருத்துவமனை அவசியம். மூச்சுத் திணறினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் செயலிழந்தாலோ அதுவும் அவசர நிலையே.

நேரில் பார்த்தவரின் சொல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். எந்தக் கை முதலில் துடித்தது, கண் எப்பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெளிவாகக் கூற வேண்டும். உதவிக்கு ஆள் இருந்தால் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. பின்னர் ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. முதலிய சோதனைகளால் காரணம் ஆராயப்படும்.

முதுமையில் கூடுதல் கவனம்

வலிப்பு என்பது இளையோரின் நோய் என்று எண்ணுதல் தவறு. அறுபதைக் கடந்தவர்களுக்குப் புதிதாக வருவதும் உண்டு. பக்கவாதத்தின் தழும்பு, மூளைக் கட்டி, இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ மிகக் குறைதல் ஆகியன காரணமாகலாம். சைவ உணவு உண்போரும் விலக்கல்லர். நாடாப்புழுவின் முட்டை ஒட்டிய காய்கறியைக் கழுவாமல் பச்சையாக உண்டால், அப்புழுவின் இளநிலை மூளையைச் சென்றடைந்து வலிப்பை உண்டாக்கலாம்.

முதியோருக்குக் கைகால் இழுக்காமலேயும் வலிப்பு வரலாம். பேச்சின் நடுவே விழித்தபடி உறைந்துபோதல், உதட்டைச் சப்புதல், ஆடை நுனியைப் பிசைதல், கூப்பிட்டால் விடையின்மை, பிறகு சிறிது நேரம் குழப்பம் ஆகியவை அதன் குறிகள். வயதின் மறதி என்று இதனை ஒதுக்கிவிடலாகாது.

விரதமும் மாத்திரையும்

ஏகாதசி உபவாசத்துக்காக வலிப்பு மாத்திரையை நிறுத்துவோர் உளர். ஒருவேளை தவறினாலும் வலிப்பு திரும்பக்கூடும். சிவராத்திரிக் கண்விழிப்பும் வலிப்பைத் தூண்டவல்லது. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். ஆகவே விரதம் மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்பது நலம். உடல்நலம் குன்றியோர் பூசையையும் நாமசங்கீர்த்தனத்தையும் கொண்டே நாளைப் போற்றலாம்.

தக்க சிகிச்சை பெற்றால் நூற்றில் எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோய், 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இந்நோய் இருப்பதை வெட்கி மறைத்து, மருந்தின்றி வைத்திருக்க வேண்டியதில்லை. திருவாசி ஈசனை வேண்டிக்கொள்வோர், நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையையும் அன்றாடம் வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும்.